அவர் துப்பாத பிஸ்கட்

டீயோடு நீங்கள் கொடுத்த பிஸ்கட்டில் சோடா கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது. குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், மேடம். கடித்து முடித்தவுடன் நாக்கின் ஓரத்தில் லேசாக ஒரு சோப்பு வாடை தட்டுகிறது பாருங்கள், அதுதான் அடையாளம். சோடாவை மாவோடு சேர்த்து மூன்று தடவை சலித்திருந்தால் இந்த வம்பே இல்லை. ஆயிரக்கணக்கில் சுடுகிறவர்கள் அதெல்லாம் பார்க்க மாட்டார்கள். இருந்தாலும் டீ நன்றாக இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும்.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே வருகிறேன். சர்க்கரை சேர்க்காமல் பிஸ்கட் சுடுவது எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை. ஏன் சுட்டேன் என்றுதான் கேட்டீர்கள். ஆனால் எப்படி என்பதைச் சொல்லாவிட்டால் ஏன் என்பது விளங்காது. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறவர் நிதானமாகவே எழுதட்டும். எனக்கு இன்றைக்கு வேறு வேலை எதுவும் இல்லை.

என் கணவர் ஒரு பிஸ்கட் கம்பெனியில் ருசி பார்ப்பவராக இருந்தார். அப்படி ஒரு வேலை உண்டா என்று எல்லோரும் கேட்பார்கள். பெண் பார்க்க வந்தபோது நானும் கேட்டேன். தினமும் காலையில் அடுப்பிலிருந்து வெளியே வரும் முதல் தட்டில் ஒன்றை எடுத்துக் கடிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு அதை நாக்கின் மேல் வைத்து, மனதுக்குள் பத்து எண்ண வேண்டும். பிறகு துப்பிவிட வேண்டும். விழுங்கக் கூடாது. விழுங்கினால் அடுத்த பிஸ்கட்டின் ருசி சரியாகத் தெரியாதாம். துப்பிய பிறகு பத்துக்கு இத்தனை என்று மார்க் போட வேண்டும். ஏழுக்குக் கீழே போனால் அன்றைய சரக்கு முழுவதும் மாட்டுத் தீவனத்துக்குப் போய்விடும். கம்பெனியில் அவருக்கு 'நாக்கு சார்' என்று பெயர். முதலாளியே அப்படித்தான் கூப்பிடுவாராம்.

அந்த நாக்கை அவர் பார்த்துக்கொண்ட மாதிரி பெற்ற பிள்ளையைக் கூட யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். காரம் கிடையாது. சூடாக எதுவும் கிடையாது. காலையில் எழுந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் அதைக் குளிப்பாட்டுவார். கல்யாணம் நாக்குக்கும் அவருக்கும்தான் நடந்தது, நான் கூடவே வந்த சீர்வரிசை என்று என் அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பேன். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. சிரித்த முகமாகத்தான் முப்பத்தொரு வருடம் குடும்பம் நடத்தினேன். எதிர் வீட்டுத் தையல்காரியைக் கேளுங்கள். இப்போது அவள் என்னோடு பேசுவதில்லை, ஆனாலும் உண்மையைச் சொல்வாள்.

வீட்டிலும் அவருக்கு அதே முறைதான். தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் இருக்க வேண்டும். கம்பெனியிலிருந்து கொண்டுவந்த வெள்ளைப் பீங்கான் கிண்ணம், உள்ளங்கை அளவு. முதல் வாயை எடுத்து நாக்கில் வைப்பார், பத்து எண்ணுவார், கிண்ணத்தில் துப்புவார், மார்க் சொல்வார். அதற்கப்புறம்தான் சாப்பாடு. கல்யாணமான மறுநாள் எனக்கு ஐந்து கிடைத்தது. "ஆரம்பத்துக்குப் பரவாயில்ல" என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அடுத்த வருடம் ஆறு ஆனது. அதற்குப் பிறகு ஆறுக்கு மேல் அந்த முள் நகரவில்லை. மகளுக்கு ஒரு வயது நிறைந்தபோது மூன்று அடுக்குக் கேக் செய்தேன். இருபது விருந்தாளிகள் முன்னால் கிண்ணத்தைக் கேட்டு வாங்கித் துப்பிவிட்டு ஆறு என்றார். விருந்தாளிகள் கைதட்டினார்கள். நானும்தான் தட்டினேன்.

கிண்ணத்தைக் கழுவுவது என் வேலை. ஒரு நாளைக்கு மூன்று தடவை, முப்பத்தொரு வருடம். நீங்கள் பெருக்கிப் பார்க்க வேண்டாம், நான் பார்த்திருக்கிறேன்.

என் மகள் கெட்டிக்காரி. பன்னிரண்டு வயதில் ஒரு முறை அப்பாவுக்கு முட்டை பொரித்துக் கொடுத்து மூன்று வாங்கினாள். அதோடு சமையலறைப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. இப்போது வேறு ஊரில் பல் டாக்டராக இருக்கிறாள். அடுத்தவர்களை வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்வதற்கு அவளுக்குக் காசு கொடுக்கிறார்கள். புலிக்குப் பிறந்தது பூனையாகுமா.

வாழ்நாள் முழுவதும் இனிப்பைத் துப்பிக்கொண்டே இருந்த மனுஷனுக்குச் சர்க்கரை வியாதி எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கலாம். டாக்டரே சிரித்துவிட்டார். இவர் அப்பாவுக்கு இருந்தது, இவருக்கும் வந்தது, அவ்வளவுதான். முதலில் மாத்திரை, கடைசி மூன்று வருடம் இன்சுலின் ஊசி. ஊசி போட்டுக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் உடம்பில் சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும். வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். அப்படியே விட்டால் மயக்கம். அதற்கும் மேலே விட்டால் ஆள் மிஞ்ச மாட்டார். டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்து ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். "பாக்கெட்ல எப்பவும் குளுக்கோஸ் இருக்கணும். நடுக்கம் வந்தா உடனே வாயில போடுங்க. கால் மணி நேரம் பாருங்க. சரியாகலைன்னா மறுபடியும் போடுங்க." அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியது நான்தான். இதை எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியாது, நான் படிக்காதவள் என்றெல்லாம் சொல்லித் தப்பிக்க எனக்கு விருப்பமில்லை.

ஆனால் குளுக்கோஸ் அவருக்கு ஆகவில்லை. கிண்ணத்தில் துப்பிவிட்டு ஒன்று போட்டார். "சுண்ணாம்பு. இதைத் தின்னா நாக்கு செத்துப் போயிடும்." சாகக் கூடாது என்று டாக்டர் பார்த்தது ஆளை, இவர் பார்த்தது நாக்கை. அதனால் கம்பெனியின் கிரீம் பிஸ்கட்டைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். இரண்டு வருடத்துக்கு முன் கம்பெனிக்காரர்கள் ருசி பார்க்க ஒரு மெஷின் வாங்கினார்கள். இவருக்கு மாலை போட்டு, சுவர்க் கடிகாரம் ஒன்று கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். "மெஷினுக்கு ஏதுடி நாக்கு" என்று ஒரு மாதம் புலம்பினார். இனி செத்தாலும் அந்தக் கம்பெனி பிஸ்கட்டைத் தொட மாட்டேன் என்று சபதமும் போட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

அப்போதுதான் பாக்கெட் பிஸ்கட் சுடும் வேலை எனக்கு வந்தது. சட்டைப் பையில் அடங்குகிற மாதிரி ஒரு சின்னத் தகர டப்பா, அதில் ஆறு பிஸ்கட். "சர்க்கரையைத் தாராளமாப் போடு. மருந்துதானே" என்றார். போட்டேன். வாரத்துக்கு ஒரு தட்டு. நடுக்கம் வரும், இரண்டைக் கடித்து விழுங்குவார், பத்து நிமிடத்தில் முகத்துக்கு ரத்தம் வந்துவிடும், உட்கார்ந்து மார்க் போடுவார். உயிரைக் காப்பாற்றிய பிஸ்கட்டுக்கும் ஆறுதான்.

இனி தையல்காரியின் விஷயத்துக்கு வருகிறேன். நல்ல பெண். என்னைவிடப் பத்து வயது சின்னவள், வாய் மட்டும் இரண்டு ஆள் அளவு. அவளுக்கும் சர்க்கரை, ஆனால் ஊசி இல்லை, மாத்திரைதான். ஒரு நாள் ரவிக்கைக்கு அளவு எடுத்துக்கொண்டே ஆரம்பித்தாள். "அக்கா, டீயோட கடிச்சுக்க ஒண்ணுமில்லாம வாழ்க்கையே வெறுத்துப் போச்சு. சர்க்கரை போடாம எனக்கு ஏதாவது சுட்டுக் குடுங்களேன்." அவ்வளவுதான் ஆரம்பம். கேட்டவள் அவள். நான் உதவிதான் செய்தேன்.

முதல் தட்டு கூரை ஓடு மாதிரி வந்தது. வெட்டி வைத்த துணி பறக்காமலிருக்கத் தையல்காரி அதை மேலே வைத்துக்கொண்டாள். இரண்டாவது தட்டைத் தெருநாய்க்குப் போட்டேன். மோந்து பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தது. அந்தப் பார்வையில் ஒரு நாலு மார்க் இருந்தது. அப்போதுதான் எனக்கு ரோஷம் வந்தது.

சர்க்கரை இனிப்புக்கு மட்டும்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிஸ்கட்டுக்குப் பொன்னிறம் கொடுப்பது அது, மொறுமொறுப்புக் கொடுப்பது அது, வெண்ணெயைக் காற்றோடு சேர்த்து நுரைக்க வைப்பதும் அதுதான். அதை எடுத்துவிட்டால் தட்டில் மிஞ்சுவது வெறும் மாவு. பேரீச்சம்பழம் அரைத்துப் போட்டால் இனிப்பு வரும், ஆனால் பழத்தின் சர்க்கரை அவளுக்கு ஏறிவிடும். கோதுமை மாவும் கொஞ்சம் ஏற்றும். அதனால் பாதாம் மாவுக்கு மாறினேன். இனிப்புக்குச் சீனித்துளசி என்று ஒரு இலை இருக்கிறது. அதன் தூள் மருந்துக்கடையில் கிடைக்கும். நாக்கு தித்திக்கும், ரத்தத்துக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் விழுங்கிய பிறகு பின்னாலேயே ஒரு கசப்பு வரும். அந்தக் கசப்பைத்தான் நான் இரண்டு மாதம் துரத்தினேன். வெண்ணெயைச் சின்னத் தீயில் உருக்கி, அடியில் பொடி சிவந்து கொட்டை வறுத்த மணம் வரும்வரை விட்டால் கசப்பு பாதி போகும். நிறமும் வந்துவிடும். மீதிக் கசப்புக்கு ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் பட்டைத் தூள். மொறுமொறுப்புக்கு ஒரு தடவை சுட்டு ஆறவைத்து, சூட்டைக் குறைத்து மறுபடியும் சுட வேண்டும். கடைசியில் அடுப்பை அணைத்துவிட்டுக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து உள்ளேயே விட்டுவிட வேண்டும். பதினான்காவது தட்டில் கசப்பு காணாமல் போனது. நான் ஐந்து பிஸ்கட் தின்றுவிட்டு அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். தையல்காரி ஒன்றைக் கடித்துவிட்டு, "அக்கா, பொய் சொல்லாதீங்க, சர்க்கரை போட்டிருக்கீங்க" என்று சண்டைக்கே வந்தாள்.

அவளுக்கென்று டப்பாவில் போட்டு மேசைமேல் வைத்திருந்தேன். இவர் நடை முடிந்து வந்து, தனக்கு வைத்தது என்று நினைத்து ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டார். நான் வேண்டுமென்று அங்கே வைக்கவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். கண்ணை மூடினார். எண்ணினார். வழக்கம்போல் கிண்ணத்தை எடுத்து நீட்டினேன். அவர் கை கிண்ணத்துக்கு வரவில்லை. தொண்டை மேலே ஏறிக் கீழே இறங்கியது. விழுங்கிவிட்டார்.

"பத்து" என்றார்.

நான் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்து இன்னொரு தடவை கேட்டேன்.

"பத்துக்குப் பத்து. இத்தன வருஷ சர்வீஸ்ல இப்படி ஒண்ணு என் நாக்குல பட்டதில்ல. சர்க்கரை அளவு கன கச்சிதமா விழுந்திருக்கு."

குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன், மேடம். சந்தோஷம்தான். பிள்ளை பெற்றபோதுகூட அப்படி அழவில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். நீங்கள் அவரோடு ஒரு நாள் குடித்தனம் செய்து பார்த்திருக்க வேண்டும். ஒரு தடவை ஒரு சூப்புக்கு அதிசயமாக ஏழு போட்டார். நான் பூரித்துப் போய், கடையில் வாங்கிய பாக்கெட் சூப் என்று உளறிவிட்டேன். "அதானே பார்த்தேன், கடைசியில ஒரு தகர வாடை அடிச்சுது" என்று அங்கேயே மூன்றாக இறக்கிவிட்டார். இதில் சர்க்கரை இல்லை, இலைத் தூள் என்று சொன்னால் என்ன ஆகும்? அடுத்த நொடியே ஒரு கசப்பு கண்டுபிடிப்பார். பத்து நாலாகிவிடும். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். வாய் பொத்துவது குற்றமில்லையே.

"இனிமே என் பாக்கெட்டுக்கும் இதுதான்" என்றார் அடுத்த நாள். இந்த இடத்தில் நீங்கள் பேனாவை எடுத்தீர்கள், கவனித்தேன். எழுதுங்கள். சரி என்றேன். சின்னத் தகர டப்பாவிலிருந்த பழைய ஆறு பிஸ்கட்டையும் கொட்டிவிட்டு இதைப் போட்டுக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு வந்த ஏழு வாரம் என் கல்யாண வாழ்க்கையிலேயே நல்ல காலம். அவர் நடைக்குப் போகிற இடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். கடைத்தெருவில் முன்பின் தெரியாதவர்கள் என்னை நிறுத்தி, "பத்து மார்க் வாங்கின அம்மா நீங்கதானா" என்று கேட்டார்கள். காய்கறிப் பையை அவர் தூக்கிக்கொண்டு வந்தார். முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக, சாயங்காலம் டீ குடிக்கும்போது எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்தார். என் புடவை நன்றாக இருக்கிறது என்றுகூட ஒரு நாள் சொன்னார். அதற்கு மார்க் போடவில்லை, சும்மாதான் சொன்னார். இதையெல்லாம் ஒரு இலைத் தூளுக்காக விட்டுக்கொடுக்க யாருக்கு மனசு வரும்?

மூன்றாவது வாரம் ஒரு சின்ன விஷயம் நடந்தது. நீங்களாகக் கண்டுபிடிப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். நடைக்குப் போன இடத்தில் அவருக்கு நடுக்கம் வந்திருக்கிறது. இரண்டு பிஸ்கட் தின்றிருக்கிறார். நிற்கவில்லை. இன்னும் இரண்டு தின்றிருக்கிறார். அப்போதும் நிற்கவில்லை. நல்லவேளையாகப் பழச்சாறு கடைக்காரர் பார்த்துவிட்டு, ஒரு பெரிய கிளாஸ் ஆரஞ்சுச் சாற்றைப் பிடித்துக் குடிக்க வைத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து இவர் அந்தச் சாற்றுக்கு நாலு போட்டார். "பிஸ்கட் வேலை செய்யறதுக்குள்ள அவன் அவசரப்பட்டுட்டான்" என்றார். நான் ஆமாம் என்றேன். அன்றைக்கு ராத்திரி நன்றாக யோசித்து, ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை மகள் வந்திருந்தாள். அவளிடம் அவர், "உங்கம்மா பத்து வாங்கிட்டா" என்று தொடங்கி அரை மணி நேரம் பேசினார். நல்ல நாளும் அதுவுமாக எதற்கு என்று விட்டுவிட்டேன். அடுத்த ஞாயிறு மழை. இப்படியே ஒவ்வொரு ஞாயிறும் ஏதோ ஒன்று வந்தது. ஆனால் சொல்ல வேண்டும் என்கிற எண்ணம் எனக்கு இருந்துகொண்டே இருந்தது. எண்ணத்துக்கும் ஒரு மதிப்பு உண்டல்லவா?

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு ஊசி போட்டுக்கொண்டார். ரொட்டியும் முட்டையும் வைத்தேன். முதல் வாயைத் துப்பிவிட்டு, "ரெண்டு. முட்டை ரப்பர்" என்று தட்டைத் தள்ளிவிட்டார். வேறு செய்து தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இன்சுலின் உள்ளே போய்விட்டது, சாப்பாடு போகவில்லை. இதற்கு நான் பொறுப்பில்லை. முட்டை உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. நான் தின்றேன்.

பத்து மணிக்குப் பேப்பர் நடுங்கத் தொடங்கியது. நான் எதிரில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்து இரண்டு தின்றார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. டாக்டர் சொன்னபடி கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருந்தார். எதிலும் ஒழுங்கான மனுஷன். கால் மணி ஆனதும் இன்னும் இரண்டு. மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது.

"இனிக்குது" என்றார். "ஏறலியே."

நான் உரித்துக்கொண்டே இருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை நான் பார்த்ததே இல்லை. பரீட்சைக்குப் படிக்காமல் வந்த பையனின் முகம் அது.

"இதுல... சர்க்கரை போட்டியா?"

கவனியுங்கள் மேடம், முப்பத்தொரு வருடத்தில் ஒரு பதார்த்தத்தில் என்ன இருக்கிறது என்று அவர் என்னிடம் கேட்டது அன்றைக்குத்தான். எப்போதும் அவர்தான் எனக்குச் சொல்வார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் கர்வமும் வந்தது. நான் பொய் சொல்லவில்லை. "நீங்கதானே சொல்லணும்? உங்க நாக்குக்குத் தெரியாததா?" என்று மட்டும்தான் சொன்னேன்.

கடைசி இரண்டில் ஒன்றை எடுத்தார். வாயைக் கண்டுபிடிக்கவே அவருக்கு இரண்டு தடவை ஆனது. கடித்தார். கண்ணை மூடினார். உதடு அசைந்தது, எண்ணுகிறார் என்று தெரிந்துகொண்டேன். ஐந்தோ ஆறோ வந்ததும் எண் மறந்துவிட்டது போலிருக்கிறது, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"போட்டிருக்கு."

அவர் சொன்ன கடைசி வார்த்தை அதுதான். அவர் வாயாலேயே சொன்னது. நான் அதற்கு மேல் என்ன பேச முடியும்? நிபுணர் அவர். பதினொன்றே முக்காலுக்கு ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். அவர்கள் வந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள். என்னிடம் ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டார்கள்.

எல்லாம் அதோடு முடிந்திருக்கும். தவளை தன் வாயால் கெடும் என்பது சரியாகத்தான் போயிற்று. பதினாறு நாள் பொறுத்தேன். துக்கம் விசாரிக்க வந்த தையல்காரி, "பாவம் அண்ணன், உங்க பிஸ்கட்டைத் தலையில தூக்கி வச்சுக் கொண்டாடினாரே" என்று கண்ணைத் துடைத்தாள். எனக்கு மனசு தாங்கவில்லை. "உனக்குச் சுட்ட அதே பிஸ்கட்தான். அந்த நாக்கையே ஏமாத்திட்டேன், பார்த்தியா?" என்று சொல்லிவிட்டேன். அவள் கை தட்டுவாள் என்று நினைத்தேன். டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். மறுநாள் மகள் வந்து சமையலறையில் மிச்சமிருந்த பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்துவிட்டாள். பெற்ற அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது மட்டும் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

உங்கள் ஆய்வுக்கூடம் கொடுத்த அறிக்கையை நேற்று காட்டினீர்கள். சர்க்கரை சேர்க்கப்படவில்லை என்று முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மெஷின் வைத்துப் பார்த்தால்தான் தெரிகிறது, பார்த்தீர்களா? முடிந்தால் எனக்கும் அதில் ஒரு நகல் கொடுங்கள்.

நீங்கள் கொலை என்கிறீர்கள். எனக்கு அந்தச் சொல் பொருந்தவில்லை. விஷம் எதுவும் வைக்கவில்லை. இருப்பதை எடுத்துவிட்டேன், அவ்வளவுதான். அதுவும் ஒரு சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை கொடுக்காமல் இருந்தேன். ஊரில் பாதிப் பெண்டாட்டிகள் தினமும் செய்கிற காரியம். உண்மையைச் சொன்னால் அவர் பிழைத்திருப்பார், அது சரி. ஆனால் பிழைத்து எழுந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாக என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

இப்போது சர்க்கரை டப்பாவைப் பற்றிக் கேட்கிறீர்கள். தையல்காரி அதையும் சொல்லிவிட்டாளா? ஆம்புலன்ஸ் வந்த அன்றைக்கு எனக்கு டீ போட்டுக் கொடுக்க அதைத் தேடி எடுத்தவள் அவள்தான். நான் டீக்குப் போட்டுக்கொள்கிற சர்க்கரைதான். எப்போதும் அடுப்புக்குப் பக்கத்திலேயே இருக்கும், யாரிடமிருந்தும் மறைத்து வைத்ததில்லை. அன்றைக்கு அது பரணுக்குக் கீழே உள்ள மேல் தட்டில் எப்படிப் போயிற்று, அதில் அவர் விரல் ரேகை எப்படி வந்தது என்று கேட்கிறீர்கள். சமையலறைக்குள் கால் வைக்காத மனுஷனாயிற்றே என்கிறீர்கள். அதுவும் சரிதான்.

அன்றைக்கு வந்தார். தீர்ப்புச் சொல்லிவிட்டு டப்பாவில் மிச்சமிருந்த ஒன்றை உற்றுப் பார்த்தார். பிறகு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே சமையலறைக்குள் போனார். தன் நாக்கை நம்பாமல் அவர் செய்த ஒரே காரியம் அதுதான் என்று நினைக்கிறேன். நானும் பட்டாணியை வைத்துவிட்டுப் பின்னாலேயே போனேன். டப்பாவை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மூடியைத் திருகப் பார்த்தார், விரல் பிடி கொடுக்கவில்லை. பேச்சும் வரவில்லை. என்னிடம் நீட்டினார். திறந்து கொடு என்று அர்த்தம். நான் வாங்கி, அவர் நெற்றி வேர்வையைப் புடவைத் தலைப்பால் துடைத்தேன். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, மேல் தட்டில் வைத்தேன். அவர் தரையில் உட்கார்ந்து அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார்.

ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது, மேடம்? கை அந்த நடுக்கம் நடுங்குகிறது. திறந்து கொடுத்தால் தரை முழுக்கக் கொட்டிவிடுவார். கொட்டினால் எறும்பு வரும்.